வாயைக் காட்டச் சொன்ன அக்கா

பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் ஆறு வருஷம் வேலை செய்தேன். பக்கத்து மிஷினில் ஒரு அக்கா. எங்கள் எல்லோரையும்விட வேகமாகத் தைப்பார். வெற்றிலை, பாக்கு, ஒரு கிள்ளு புகையிலை எப்போதும் இடது கன்னத்தில் இருக்கும். பசி தெரியாது என்று எனக்கும் கொடுத்தார். எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு மதியம் சாப்பிடும்போது ரசம் வாயில் பட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"எரியுதுடி. ரொம்ப நாளா இப்டித்தான் கீது."

செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கன்னத்தின் உள்ளே தடிப்பாக ஒரு வெள்ளைத் திட்டு. விரலால் தேய்த்தார். போகவில்லை.

அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பல் டாக்டர் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் வரும்வரை அக்கா ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஒரே ஒருமுறைதான் கேட்டார்: "கேன்சர்னா பசங்ககிட்ட எப்டிடி சொல்றது?"

"கேன்சர் இல்லம்மா. ஆனா நிறுத்தலேன்னா நாளைக்கு ஆகலாம்" என்றார் டாக்டர், ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு.

"வெறும் பாக்கு போடலாம்ல டாக்டர்?" நான்தான் கேட்டேன், எனக்காகவும்தான்.

"கூடவே கூடாது. பாக்கே கேன்சரைக் கொண்டுவரும்."

வெளியே வந்ததும் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டார் அக்கா. முதல் வாரம் தலைவலி, எல்லோரிடமும் எரிச்சல், தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார். பொட்டலம் செருகியிருந்த இடுப்புக்குக் கை தானாகப் போகும். உடனே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். யாரிடமும் எதையும் மறைக்கவில்லை.

பட்டறை நடத்தும் பாய்க்கு, பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த மாவா பழக்கம். ஒரு நாள் அக்கா அவர் மேஜை முன்னால் போய் நின்றார்.

"பாய், வாயைக் காட்டுங்க."

அவர் சிரித்து மழுப்பினார். அக்கா நகரவில்லை. கடைசியில் டியூப்லைட்டுக்குக் கீழே வாயைத் திறந்தார். இரண்டு விரல்கூட நுழையாது.

"இன்னா பாய், இதுக்கு மேல தொறக்கலயா?"

பாயின் சிரிப்பு நின்றது. மறுநாள் ஷேர் ஆட்டோவில் அவரையும், என்னையும் சேர்த்து எங்களில் நாலு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார் அக்கா. முதலாளியை அப்படி நிறுத்திக் கேட்க எனக்கெல்லாம் தைரியம் வந்திருக்காது.

ஒரு வருஷத்தில் அக்காவின் திட்டு பெரும்பாலும் மறைந்தது. ஆனாலும் செக்கப்புக்குத் தவறாமல் போகிறார். பாய் மாவாவை விட்டுவிட்டார். பாக்கால் இறுகிப்போன வாய் மட்டும் இன்னும் முழுசாகத் திறப்பதில்லை. என் வாயில் ஒன்றும் இல்லை என்றார்கள். அப்படியும் இரண்டு முறை திருட்டுத்தனமாகப் போட்டு அக்காவிடம் மாட்டிக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

"எனக்கும் இன்னும் கஷ்டமாதான் கீது" என்று சொல்லிவிட்டு, மிஷினை ஓட்டத் தொடங்கினார்.