லோகநாதன் காட்டிய வெள்ளி

ஆவடி குவார்ட்டர்ஸில் லோகநாதன் எனக்கு எதிர்வீடு. படைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பீரங்கிகளுக்குக் குறிபார்க்கும் கண்ணாடி பொருத்தியவர். சொந்தமாக ஒரு தொலைநோக்கி செய்து, சாயங்காலமானால் மொட்டை மாடியில் வைத்துவிடுவார். காய்ந்த துணி எடுக்க வந்தவர்களைக்கூட விடமாட்டார். வெள்ளியும் நிலாவைப் போலத் தேய்ந்து வளர்வதைக் காட்டுவார்.

"அங்க ஈயத்த வெச்சா உருகிடும். மேகம் பூரா ஆசிட்டு. உங்க ஊட்டு கல்யாணத்தப் பத்தி அதுக்கு இன்னா தெரியும்?" என்பார்.

எனக்கு எப்போது சுக்கிர திசை வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அதற்காகப் பலர் முன்னால் அவர் என்னை மட்டம் தட்டியிருக்கிறார். அந்தக் கடுப்பு எனக்கு உண்டு.

அவர் மகள் மதிவதனிக்கும், பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் டில்லிபாபுவின் மகனுக்கும் பிடித்துப்போய், பேச்சு கூடிவந்தது. பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரம் லோகநாதன் என்னிடம் வந்து, தெரிந்த ஜோசியர் உண்டா என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் குஷி. கள்ளிக்குப்பத்துக்கு நானே வண்டியில் கூட்டிப்போனேன்.

மதிவதனியின் ஜாதகத்தில் சுக்கிரன் சூரியனோடு ஒட்டி அஸ்தங்கமாகிவிட்டது, கல்யாணம் நிலைக்காது என்றார் ஜோசியர். சூரியனுக்குப் பின்னால் போகும்போது வெள்ளி வெளிச்சத்தில் தெரியாது, அவ்வளவுதான் என்று ஊருக்கே சொன்னவர் லோகநாதன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயந்து, பிறந்த தேதியை மூன்று மாதம் தள்ளி வேறு ஜாதகம் எழுதச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபு தன் அண்ணனோடு வந்தார். லோகநாதன் ஜாதகத்தைத் தட்டில் வைத்து நீட்டினார். டில்லிபாபு சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளினார்.

"இது இன்னாத்துக்கு சம்மந்தி? உங்க மாடியில அந்த வெள்ளியப் பாத்தேனே, அன்னிக்கே என் புள்ள ஜாதகத்தப் பரண்ல தூக்கிப் போட்டுட்டேன்."

காபி கொண்டுவந்த மதிவதனி அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். மேலே அவள் பெயர் இருந்தது. அடுத்த வரியில் தேதி. அதற்குமேல் அவள் படிக்கவில்லை.

"இது யாருதுப்பா?"

லோகநாதன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜோசியர் மாற்றிக் கொடுத்துவிட்டார் போல என்று அவளே எல்லாருக்கும் சொல்லி, தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெற்றவருக்காக அவள் சொன்ன பொய் அது. அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

இவரைப் போலத் தெளிந்த மனுஷன் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்று டில்லிபாபு தன் அண்ணனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லோகநாதன் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கே கேட்கச் சகிக்காமல், எழுந்து வாசலில் செருப்பை மாட்டினேன்.