மடத்து வாசலில் என் பின்னலைத் தூக்கிய கை

நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், பரவாயில்லை, முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். ஹொல்ஸ்டெப்ரோ என்ற டெனிஷ் ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே யாராவது இறந்தால் டெனிஷ்காரர் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்துவிடுவார்கள், ஆன்மா வெளியே போகட்டுமாம். நான் அந்த உடலைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றி முடித்ததும் ஜன்னலைச் சாத்திவிடுவேன், குளிர் வருகிறது. போகிற ஆன்மா அதற்குள் போயிருக்கும் என்பது என் எண்ணம். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன்.

என் மகள் சோபிக்கு அப்போது பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டில் கதை அப்படித்தான் ஓடும். அவள் டெனிஷில் சொன்னதை உங்களுக்காகத் தமிழாக்கிச் சொல்கிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் உறுதிபூசுதல் சடங்குக்குப் பிள்ளைகள் ஒரு புனிதரின் பெயரைத் தெரிந்தெடுக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் தெரேசா, செசிலியா என்று மரியாதையாக எடுக்க, இவள் மரீனா என்று வந்து நின்றாள். ஸ்கீவ பக்கம், கடலேரிக் கரையில் இருக்கிற ஒரு பழைய மடத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன இடத்தில் கேட்ட கதையாம். பல நூறு வருடங்களுக்கு முன்னால் மரீனா என்ற பெண் தலைமயிரை வெட்டிக்கொண்டு, தன் பெயர் மரீனுஸ் என்று சொல்லி, அங்கே துறவியாகச் சேர்ந்தாளாம். ஊர்ப்பெண் ஒருத்தி குழந்தை பெற்று அந்தத் துறவிதான் தகப்பன் என்று பழி போட்டாளாம். இவள் மறுக்கவில்லை. மடத்தைவிட்டுத் துரத்திய பிறகு வாசலிலேயே இருந்து அந்தக் குழந்தையை வளர்த்தாளாம். செத்த பிறகு உடலைக் கழுவியவர்கள்தான் பெண் என்று கண்டார்களாம்.

பாதர் நல்ல மனிதர். இப்படி ஒரு கதை பல நாடுகளிலும் இருக்கிறது, இந்த மடத்தில் நடந்ததா என்று விசாரித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம் என்றார். சோபியும் அதே பிடிவாதம். உண்மையென்றால் எடுப்பாளாம், கட்டுக்கதையென்றால் வேண்டாமாம்.

அது கட்டுக்கதையாக இருக்க வேண்டும் என்றுதான் நான் விரும்பினேன்.

"ஆம்பிளையளோட அத்தினை வருசம் இருந்திருக்கிறா, ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லையாமோ? அவ குளிக்கேல்லையோ? மாதாமாதம் என்ன செய்தவ? விசர்க்கதை!" என்று அவளிடம் கத்தினேன்.

கத்தியதற்குக் காரணம் உண்டு. அது முடியும் என்று எனக்குத் தெரியும். சோபியின் வயதில் நான் அதைச் செய்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் சண்டைக்காலம் அது. என் தம்பி அன்ரனை வெளிநாட்டுக்கு அனுப்ப அம்மா எல்லாம் ஒழுங்குசெய்து வைத்திருந்தார். அதற்குள் தம்பி காணாமல் போனான். அந்தப் பாஸ்போட்டில் என்னை அனுப்புவது என்று முடிவெடுத்து, ஒரு மத்தியானம் குசினியில், அடுப்புக்கு முன்னால் வைத்து என் பின்னலை வெட்டினார். இடுப்பு வரை கிடந்த பின்னல். "அழாதை பிள்ளை, மயிர்தானே, வளந்திடும்" என்றார். தம்பியின் சேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, தம்பியின் பெயரில், ஆண்கள் நிறைந்த அறைகளிலும் லொறிகளிலும் மாதக்கணக்காக இருந்தேன். ஒருவருக்கும் தெரியாது. கொப்பனேகனில் இறங்கித்தான் என் சொந்தப் பெயரைச் சொன்னேன். அம்மாவை அதற்குப் பிறகு, அவர் கண்மூடும் வரைக்கும், நான் பார்க்கவேயில்லை, தலைமயிரையும் வெட்டவேயில்லை. கட்டிய மனுசனுக்குக்கூடச் சொல்லாத கதை இது. அந்த மரீனாவின் பெயர் வீட்டுக்குள் வந்தால் ஒருநாள் என் வாய் திறந்துவிடும் என்று பயந்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நானும் சோபியும் காரில் போனோம். பிற்பகலிலேயே இருட்டிவிட்டது, மழையைக் காற்று பக்கவாட்டில் அடித்தது. மடத்தைப் பார்த்துக்கொள்கிற லிஸ் என்ற வயதான டெனிஷ் பெண் கோப்பி ஊற்றித் தந்தார். நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன், எலும்பு ஏதாவது கிடைத்ததா என்று. துறவிகளின் புதைகுழி ஒன்றைத் திறந்து பார்த்தார்களாம், பெண்ணாக இருக்கலாம், மெலிந்த ஆணாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டார்களாம்.

"கழுவியவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்று லிஸ் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுவுவதுதான் என் வேலை. ஒருவர் ஆயுள் முழுக்க மூடிவைத்திருந்தது என் கைக்குத் தெரிந்துவிடும், அதை நான் வெளியே வந்து ஒருவரிடமும் சொல்வதில்லை. மரீனுஸைக் கழுவிய அந்தப் பாவி மனிதர்கள் ஏன் வெளியே சொன்னார்கள் என்று கோபம்தான் வந்தது.

மரீனுஸ் இருந்ததாகச் சொல்கிற அறை, வாசல் வளைவை ஒட்டி இருந்தது. ஒரே கதவு, உள்ளே ஒரு கல் இருக்கை, கை நுழைகிற அளவில் ஒரு துவாரம், வேறொன்றும் இல்லை. சோபி உள்ளே போனாள். நான் வளைவுக்குக் கீழே கதவோடு நின்று, சுவரில் இருந்த பலகையைக் கைபேசி வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது யாரோ என் பின்னலைத் தூக்கினார்கள்.

இழுக்கவில்லை. சந்தையில் மரக்கறியைக் கையில் வைத்துப் பாரம் பார்ப்போமே, அப்படி, கீழேயிருந்து ஏந்தித் தூக்கினார்கள். "பகிடி விடாதை சோபி, கையை எடு" என்றேன். எடுக்கவில்லை. அந்தக் கை பின்னலோடு மெல்ல மேலே வந்து, அம்மா கத்தரிக்கோல் வைத்த அதே இடத்தில், பிடரியில், நின்றது. நீங்கள் நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி, அந்த விரல்கள் குளிரவில்லை. அந்த மழையிலும் காற்றிலும், சுடுதண்ணீரில் இருந்து இப்போதுதான் எடுத்ததைப்போல இளஞ்சூடாக இருந்தன. அதே நேரம் அறைக்குள்ளே சோபி சிரிக்கிற சத்தம் கேட்டது.

அவள் உள்ளே என்றால் இது யார்? எப்படியோ திரும்பினேன். பின்னல் முதுகில் தொப்பென்று விழுந்தது. வளைவில் ஒருவரும் இல்லை, முற்றத்திலும் இல்லை.

அறைக்குள் ஓடினேன். சோபி கல் இருக்கையில் தனியாக இருந்தாள், முகத்தில் சிரிப்பு.

"ஆரோட கதைச்சனி?"

"அந்தத் துறவி உடுப்புக்காரரோடு. இங்கே வேலை செய்கிறவர்தானே? இப்போதுதான் வெளியே போனார், நீ காணவில்லையா?"

அந்தக் கதவைவிட்டு நான் அசையவே இல்லை.

"ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

அவள் தோளைக் குலுக்கினாள். தெரியவில்லையாம், தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்ததாம், அதுவும் ஒரு பக்கம் கோணலாக.

பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு லிஸிடம் போனேன். கோடைகாலத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகச் சில பேர் துறவி உடுப்புப் போடுவது உண்மைதானாம். "இன்றைக்கு நான் மட்டும்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் என்னையே பார்த்தார். நான் நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை, காரில் ஏறிவிட்டேன்.

கொஞ்சத் தூரம் போனதும் சோபி பேச்சைத் தொடங்கினாள். அவர் நல்லவராம். ஒன்று கேட்டாராம், அது இவளுக்குச் சரியாக விளங்கவில்லையாம். அதை அப்படியே சொல்லிக் காட்டினாள். தமிழில் இரண்டு சொல் சேர்த்துப் பேச வெட்கப்படுகிற பிள்ளை, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"கொம்மாவுக்கு மயிர் வளந்திட்டுதோ பிள்ளை?"

காரை ஓரத்தில் நிறுத்தினேன். நிறுத்தாவிட்டால் எங்கேயாவது கொண்டுபோய் மோதியிருப்பேன்.

"கொம்மா என்றால் என்ன?" என்று கேட்டாள்.

உன்னுடைய அம்மா என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் சொல்வது. எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை, அவள் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை.

அந்த வீதியோரத்தில், மழைக்குள், எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். தம்பியை, பாஸ்போட்டை, குசினியை, கத்தரிக்கோலை. சொல்லிச் சொல்லி அழுதேன், எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெரிய ஆறுதலாகவும் இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு மரீனா என்ற பெயரைத்தான் எடுத்தாள். கதை உண்மையா என்று அவளும் கேட்கவில்லை, பாதர் கேட்டபோது நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். வேலையில் இப்போது அந்த ஜன்னலை நான் சாத்துவதில்லை, குளிர்ந்தால் குளிரட்டும்.

ஆனால் அன்றைக்குக் காரில், நான் அழுது முடித்துக் கண்ணைத் துடைக்கும்போது சோபி கடைசியாகச் சொன்னது ஒன்று உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை தன்பாட்டில் பிடரிக்குப் போகும்.

"அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை அம்மா, அவரே சொல்லிவிட்டுச் சிரித்தார்" என்றாள். சொல்லியும் காட்டினாள்.

"ஓம், இப்பதான் தூக்கிப் பாத்தனான். நல்ல பாரம்."

வாசலில் என் பின்னலை ஒரு கை தூக்கியதை நான் அவளுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை. இன்றுவரையும் சொல்லவில்லை.