பிரியாணிக் கடை வாசலில் நின்ற ஆடு

என்னைத் தேடி வருகிற பத்திரிகைக்காரர்கள் காபியைக் குடித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். குழந்தைகளுக்கு இத்தனை கதை எப்படி எழுதினீர்கள், பரம்பரையில் புலவர்கள் யாராவது உண்டா? எங்கள் பரம்பரையில் எல்லாருக்கும் வாய் உண்டு, புலமை கிடையாது. அப்பா சின்னாளபட்டியில் தறி நெய்தார். அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டாள். நான் எழுத வந்ததற்குக் காரணம் ஒரு ஆடு. அதுவும் நிஜ ஆடு இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நூல் விலை ஏறிப்போய் அப்பாவின் தறி பல வாரமாகச் சும்மா கிடந்தது. அம்மாவின் விரல்களை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது. அந்த நேரம் பார்த்துத் திண்டுக்கல் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் ஒரே ஒரு வெள்ளைச் சேலையைக் கொடுத்தனுப்பினார். மாதிரிக்குக் கட்டிக் கொண்டுவர வேண்டும். பிடித்திருந்தால் தீபாவளிச் சேலைகள் முழுக்க எங்களுக்கு. பிடிக்காவிட்டால் அடுத்த தெருவுக்கு. அப்படிப் போய்விட்டால் எங்களுக்குத் தீபாவளியே இல்லை என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

சேலையை நாலாக மடித்துப் போட்டு, அம்மா, பெரியம்மா, சின்னம்மா, அத்தை என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நாலு மடிப்பையும் சேர்த்துக் கடுகளவு கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. பிரித்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கோடு மட்டும் சாக்பீஸால் போட்டிருக்கும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் உள்ள இடைவெளி விரல் கணக்கு. அதற்குக் கண்ணே வேண்டாம், கைக்கே தெரியும் என்பது அம்மாவின் பெருமை.

மத்தியானம் ரேடியோவில் பேட்டரி தீர்ந்தது. அத்தைக்குக் கண் சொருகியது.

“ஏ புள்ள, தூக்கமா வருது. கதை கிதை ஏதாச்சும் சொல்லேன்” என்றாள் அத்தை, என்னைப் பார்த்து.

“கதையாம் கதை! செத்த நேரம் அவ வாய மூடிக்கிட்டு இருந்தாத்தான் வேல ஓடும்” என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். என் வாயைப் பற்றி அம்மாவுக்கு எப்போதுமே அப்படியொரு அபிப்பிராயம்.

அத்தை கேட்டுவிட்டாள், இனி அம்மாவே நினைத்தாலும் என்னை நிறுத்த முடியாது. அய்யலூர் சந்தையில் விற்றுப்போன ஒரு வெள்ளாட்டைக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட வைத்தேன். அதன் சொந்த ஊர் ஆத்தூர். வழியெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் நடுவில் திண்டுக்கல் இருக்கிறது. திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு பிரியாணிக் கடை இருக்கிறது. ஆடு மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து, கடைசிக் கடை வாசலுக்கு வரும்போது உள்ளேயிருந்து மாஸ்டர் கத்தியைத் தீட்டிக்கொண்டே வெளியே வருகிறார். ஆட்டுக்குத் தும்மல் வருகிறது.

அந்த இடத்தில் நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். “சொல்லிட்டுப் போடி பாவி!” என்று சின்னம்மா பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பூட்டு ஏற்றிப்போன ஒரு மாட்டுவண்டிக்கு அடியில் ஆட்டை நுழைய வைத்துக் காப்பாற்றி, பொழுது சாய்வதற்குள் ஆத்தூரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். சேலையும் முடிந்திருந்தது.

முடிச்சோடு சுருண்டு கிடக்கிற சேலையில் எந்தப் புள்ளி எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. சித்தப்பாவின் சாயப்பட்டறையில் அரக்குச் சிவப்பில் முக்கி, காயவைத்து, முடிச்சு பிரிக்காமலே கடைக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். வாங்குகிறவர் கண்முன்னே பிரித்துக் காட்டினால்தான் அது கைக்கட்டு என்று நம்புவார்கள்.

அம்மாவும் அத்தையும் நானும் பஸ் ஏறிப் போனோம். முதலாளி ஒரு முனையையும் அம்மா மறுமுனையையும் பிடித்துச் சுண்டி இழுத்தார்கள். முடிச்சுகள் படபடவென்று தெறித்தன. சேலை விரிந்ததும் அம்மாவின் முகம் செத்துப்போனது.

ஒழுங்காகத் தொடங்கிய புள்ளிகள் போகப்போகக் கோட்டை விட்டு விலகியிருந்தன. ஓரிடத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குவிந்து கிடந்தன. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டதுபோல அகல அகலமாகப் பிரிந்து போயின. பிரியாணிக் கடை வாசல் எது என்று எனக்கு உடனே தெரிந்தது.

“என்னம்மா இது?” என்றார் முதலாளி.

அம்மா சேலையைச் சுருட்டப் பார்த்தாள். அதற்குள் பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தார். “இதையே எனக்குக் குடுத்துருங்க. மழ கொட்டி வெறிச்ச மாதிரி என்ன அழகா இருக்கு!”

முதலாளி மறுபடியும் பார்த்தார். நாலாக மடித்துக் கட்டியதால் அந்தக் கோணல் சேலை முழுக்க நாலு இடத்தில் அச்சுப் பிசகாமல் அப்படியே விழுந்திருந்தது. ஒரு இடத்தில் இருந்தால் அது பிழை. நாலு இடத்தில் இருந்தால் டிசைன்.

“புது டிசைனா?”

“ஆமா முதலாளி, எங்க மதினி போட்டது” என்றாள் அத்தை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

தீபாவளிச் சேலைகள் மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. அன்று சின்னாளபட்டியில் என் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அடுத்த சேலைக்கு அதே ஆட்டுக் கதையைச் சொன்னபோது புள்ளிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாக நின்றன. வேண்டுமென்றே நெருக்கிக் கட்டிப் பார்த்தார்கள். வேண்டுமென்றே கட்டியது போலவே இருந்தது.

“ஆடு தப்பிச்சிரும்னுதான் அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சுபோச்சே! வேற சொல்லு” என்றாள் அத்தை.

சேலைக்கொரு கதை வேண்டியிருந்தது. பூட்டுக்குள் மாட்டிக்கொண்ட எறும்பு, எரியோட்டுக்குப் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போன காக்கா, ஆத்தூர் அணையில் தண்ணீருக்குப் பயந்த முதலை என்று ஊரில் உள்ள எல்லாவற்றையும் இழுத்து வந்தேன். ஒன்றுபோல் ஒன்று இல்லாத சேலைகள் என்று முதலாளி கடை வாசலில் எழுதியே போட்டுவிட்டார். தீபாவளிக்கு எனக்குப் பட்டுப்பாவாடை. பெரியம்மா பெண்களுக்கெல்லாம் சீட்டித் துணிதான். அந்தப் பெருமை இன்று வாங்குகிற எந்தப் பரிசிலும் இல்லை.

ஒரேயொரு குறைதான். ஒவ்வொரு சேலையிலும் மற்றவர்கள் மூலையில் புள்ளி லேசாகத்தான் விலகும். அம்மாவின் மூலையில் மட்டும் தாறுமாறாகக் கிடக்கும். கதை என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்காதவள், ஒருநாளும் தலை நிமிராதவள் அம்மாதான். அத்தை சேலையைப் பார்ப்பாள், அம்மாவைப் பார்ப்பாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒருநாள் மனசு கேட்காமல் அம்மாவின் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். “ஒனக்கு மட்டும் ஏம்மா கோணலாகுது? நா வேணா மெதுவாச் சொல்லட்டா?”

“வேகமாவே சொல்லு” என்றாள் அம்மா, குனிந்தபடியே. “நடுவுல தண்ணி குடிக்க எந்திரிக்காத.”

எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் முடிச்சுப் போட்டும் அம்மாவுக்கு மட்டும் கை படியவே இல்லை. அவள் கஷ்டப்படக் கூடாதென்று, அன்றைய கதையில் முதலையைக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளியே நிறுத்தி வைத்தேன்.