சாம்பார் இறங்கியதும் நிமிர்ந்த வண்டி

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குள் போனேன்... வெளியே வர முடியவில்லை.

பதறாதீர்கள். மாட்டிக்கொண்டது என் தம்பி ஸ்டீபனின் வண்டி. உள்ளே நான் இருந்தேன், அவ்வளவுதான்.

ஸ்டீபன் கேட்டரிங் நடத்துகிறான். பிள்ளைப்பாக்கத்தில் சமையல், இரண்டு கம்பெனிகளுக்குக் காலை டிபன். பின்னால் தகரக் கூண்டு வைத்த பிக்கப் டிரக் ஒன்று வைத்திருக்கிறான். போன மழையில் அது ரோட்டுத் தண்ணீரில் நின்றுபோக, இரண்டாவது கம்பெனிக்குப் பொங்கல் லேட். “இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்குவோம்” என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு யாராவது என்றால் சீக்கிரம் கிளம்பியிருப்பார்கள். இவன் மொபைலில் நாலு வீடியோ பார்த்தான். மறைமலை நகர் மெக்கானிக்கிடம் போய் லிஃப்ட் கிட் மாட்டிக்கொண்டு வந்தான். அதாவது, பாரம் தாங்கும் கமான் பட்டையை மாற்றி, கட்டை கொடுத்து, வண்டியை நாலு இஞ்ச் தூக்கிவிடுவது.

“செம்பரம்பாக்கம் ஏரிய தொறந்து வுட்டாலும் போவும்க்கா!”

அந்தப் பெருமையைப் பார்க்கத்தான் என்னைக் கூட்டிப்போனான். புடவையோடு நான் அந்த சீட்டில் ஏறிய கதையை இங்கே எழுதப் போவதில்லை.

முதல் கம்பெனி கேட்டில் குறுக்கே ஓர் இரும்பு பார். அதைவிட உயரமான வண்டி உள்ளே போகக் கூடாது. நாங்கள் மயிரிழையில் போய்விட்டோம். பொங்கலையும் சாம்பாரையும் அண்டா அண்டாவாக இறக்கினோம். அடுத்த கம்பெனிக்கான டிபன் பிள்ளைப்பாக்கத்தில் ரெடி. போய் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

திரும்பி வந்தால் — டங்!

“இன்னா சார் இது? வரசொல்ல வந்துச்சி, போவசொல்ல போவலியே?” செக்யூரிட்டி தலையைச் சொறிந்தார்.

சாம்பார் இருந்தவரை பாரத்தில் வண்டி அமுங்கியிருந்தது. இப்போது காலி வண்டி... ஜம்மென்று நிமிர்ந்துவிட்டது!

“டயர்ல காத்த எறக்கிடலாமா?” என்றான் ஸ்டீபன்.

“எறக்கிட்டு? பங்க்சர் கடை வரைக்கும் தள்ளிகினு போவியா?” என்றேன்.

பின்னால் ஸ்டாஃப் பஸ் ஹாரன் அடிக்கிறது. இவன் போன் அடிக்கிறது. இரண்டாவது கம்பெனி கேன்டீன் மேனேஜர். “வந்துகினே கீறேன் சார்” என்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு நாலு அறை விட்டிருப்பேன். முகத்தைப் பார்த்தேன்... பாவமாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நாம் எல்லோருமே உள்ளே நுழைவதற்குத்தானே பிளான் போடுகிறோம்? வெளியே வருவதற்கு யார் போடுகிறோம்? சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்துவிட்டு வெளியேறிப் பாருங்களேன், தெரியும்!

நைட் ஷிஃப்ட் முடிந்த பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள்.

“டேய் ஸ்டீபா, அண்டா இருந்த இடத்துல ஆள ஏத்துடா!” என்று கத்தினேன்.

“கூட்ஸ் வண்டில ஆள ஏத்தக் கூடாது மேடம், ரூல்ஸ்” என்றார் செக்யூரிட்டி. ஸ்டாஃப் பஸ் இன்னொரு ஹாரன் அடித்தது. “சரி, கேட்ட தாண்டுனதும் எறங்கிடணும்.”

“ஏறுதோம்க்கா” என்றான் ஒருவன். “ஆனா உள்ள தூங்கிட்டா எழுப்பப்படாது, சொல்லிட்டேன்.”

திமுதிமுவென்று ஏறினார்கள். வண்டி அமுங்கியது. செக்யூரிட்டி குனிந்து, நிமிர்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

“இன்னும் ஒரு விரக்கட இடிக்கும் சார்.”

அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோரும்!

முன் சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் போய்க் கூண்டுக்குள் ஏறினேன். வண்டி கேட்டைத் தாண்டியது. உரசல்கூட இல்லை. பையன்கள் கை தட்டினார்கள். கொஞ்சம் மெதுவாகத் தட்டியிருக்கலாம்.

இரண்டாவது கம்பெனியில் டிபன் பெல் அடிப்பதற்கும் பொங்கல் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. கான்ட்ராக்ட் தப்பியது. நல்லவேளை, அந்த கேட்டில் பார் கிடையாது.

அன்று ராத்திரி போன். “அக்கா, நாளைக்குக் காலைல ஃப்ரீயா?”

“எதுக்குடா?”

“இல்ல... மெக்கானிக் அந்த லிஃப்ட் கிட்டை ஞாயித்துக்கெழம தான் பிரிச்சுத் தரேன்றான். அதுவரைக்கும்... வெயிட்டுக்கு.”

கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு போனை வைத்தேன். பிறகு அஞ்சு மணிக்கு அலாரம் வைத்தேன் — அதை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்!