வாய் திறந்து கேட்டதால் தப்பிய ஃபேஸ்புக்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தாடிக்கொம்பு பக்கம் எங்கள் ஊர். வீட்டில் செய்யும் குழம்பு, பொரியல் என்று வெஞ்சனங்களை ஃபேஸ்புக்கில் வீடியோவாகப் போடுகிறேன். கூச்ச சுபாவம், அதனால் கை மட்டும்தான் தெரியும், பேசவும் மாட்டேன். அப்படியும் பல ஊர்ப் பெண்கள் விரும்பிப் பார்க்கிறார்கள்.

போன மாதம் ஓரகத்தி செல்வியோடு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வேடசந்தூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். போனில் நெட் தீர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பேரிலேயே ஓர் இலவச வைஃபை காட்டியது. தொட்டதும் ஃபேஸ்புக் பாஸ்வேர்டைக் கேட்டது. யாரிடமும் விசாரிக்கக் கூச்சப்பட்டு நானே அடித்துவிட்டேன். கடைசிப் பட்டனை அழுத்தப் போகையில், இத்தனை வருஷ வீடியோவும் போய்விட்டால் என்ற பயத்தில் விரல் நின்றது.

எழுந்து போய் டைம் கீப்பரிடம் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா? சத்தமாச் சொல்லுங்க."

"இந்த வைஃபை ஒங்களுதாய்யா?" என்று கத்தியே விட்டேன்.

"நாங்க எதுவும் வைக்கலையேம்மா. எவன் வச்சானோ, தொடாதீங்க!"

பெஞ்சில் இருந்த ஒரு பெண் பதறினாள். "அய்யோ, நான் குடுத்துட்டேனே!" வைஃபையை அணைத்து, தன் சொந்த நெட்டில் உடனே பாஸ்வேர்டை மாற்றினாள்.

"ஏக்கா, இம்புட்டுச் சத்தத்த எங்கிட்டு வச்சிருந்தே?" என்று செல்வி சிரித்தாள்.

இப்போது வெளியில் போனால் சொந்த நெட்தான். யாராவது வேறு போனில் என் ஃபேஸ்புக்கைத் திறக்கப் பார்த்தால் என் போனுக்கு ரகசிய எண் வரும்படியும், அது இல்லாமல் திறக்காதபடியும் வைத்துவிட்டேன். மறுநாள் கத்திரிக்காய் வதக்கிக்கொண்டே, இந்த விஷயத்தை முதல் முறையாக என் வாயாலேயே சொல்லி வீடியோ போட்டேன்.