போட்டு வாறன் என்று சொன்ன பிள்ளை

கொழும்புத்துறையில் ஒரு செத்தவீட்டுப் படலையடியில் அந்தப் பிள்ளை திரும்பி நின்ற காட்சி இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் வாரப் பத்திரிகைக்குப் பயிற்சிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கடலில் மூழ்கி இறந்த ஓர் இளம் மீனவனின் செய்தி எடுக்க அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவனுடைய தாய் யாருடனும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்தோம். எங்கள் பக்கத்தில் செத்தவீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். போய்விட்டு வருகிறேன் என்றால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வழக்கம் இது. இவள் படலையில் கை வைத்தபடி திரும்பி, "போட்டு வாறன் அம்மா" என்றாள்.

பந்தலுக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். எனக்கு எங்கே போய் ஒளிப்பது என்று தெரியவில்லை. தாய் மட்டும் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓம் பிள்ளை, வா" என்றார். அலுவலகம் வரும்வரைக்கும் ஸ்கூட்டியில் அவளைப் பின்னால் இருத்தி ஏசிக்கொண்டே வந்தேன். வாயில் தன்னை அறியாமல் வந்துவிட்டதாம். பழக்கதோஷமாம். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிப்போட்டன் அக்கா, இனிப் போகத்தானே வேணும்" என்றாள். அடுத்த கிழமை தனியாகவே போனாள். அந்தத் தாய் அவள் வருவாள் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அங்கே கிடைத்த கதை எங்கள் முதற்பக்கத்தில் வந்தது. மகனுக்கும், அவனுடைய அக்காவின் கணவனான மருமகனுக்கும் சேர்த்து ஒரேயொரு மிதவை அங்கிதான் இருந்ததாம். முறை வைத்துப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போவார்களாம். "அண்டைக்கு மருமோன்ரை முறை பிள்ளை" என்று அந்தத் தாய் சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள். வேறு எந்த அலங்காரமும் இல்லை. அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்த்த எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து அழகு பார்க்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் பயிற்சி என்ற சொல்லே எங்கள் அலுவலகத்தில் இல்லை. பிழை திருத்தும் மேசையில் ஒரு மூலையைக் காட்டி இரு என்றார்கள், இருந்தேன். திட்டு வாங்கி வாங்கித்தான் எழுதப் பழகினேன். இப்போது பயிற்சிக்கு வருபவர்களுக்கோ வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள் சேர்ந்து உதவித்தொகை அனுப்புகிறார்கள். ஆண்டுதோறும் ஒருவரைச் சென்னைக்கு இதழியல் படிக்கவும் அனுப்புகிறார்கள். பயிற்சியாளர்களுக்குப் பொறுப்பாக இருந்ததால் அந்தத் திட்டத்துக்காக ஆள் ஆளாகத் தொலைபேசியில் பணம் கேட்டவளும் நான்தான். ஊருக்கெல்லாம் இலை போட்டுவிட்டு, எனக்கு ஏன் சோறு இல்லை என்று உள்ளுக்குள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு இரண்டு பேர் இருந்தார்கள். இவளும் ஒரு பையனும். அவன் அடக்கமானவன். என் எழுத்தையே அச்சில் வார்த்ததுபோல எழுதுவான், அதனால் எனக்கு அவனைப் பிடிக்கும். ஆசிரியர் என்னை உள்ளே கூப்பிட்டு, "ஆரை அனுப்புவம்? நீர் சொன்னால் சரி" என்றார். அவனுடைய பெயர் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஒருவரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 'மருமோன்ரை முறை' என்ற அந்த வரி மனதைவிட்டுப் போகவில்லை. அவளுடைய பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து, ஒரு காரணமும் இல்லாமல் தேநீர் கொண்டுவந்தவரோடு சண்டை பிடித்தேன். நியாயமாக நடந்துகொண்டால் மனம் ஆறும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆறவேயில்லை.

அவள் படித்து முடித்து இப்போது சென்னையிலேயே ஒரு பெரிய நாளிதழில் இருக்கிறாள். அவளுடைய பெயரோடு வரும் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படிக்கிறேன். பிழை தேடித்தான் படிக்கத் தொடங்குகிறேன், முடிக்கும்போது அது மறந்துவிடுகிறது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அண்மையில் இறங்குதுறை திருத்துவது பற்றிய செய்திக்காகக் கொழும்புத்துறைக்குப் போயிருந்தேன். அந்தத் தாய் வீட்டு வளவுக்குள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகையின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. உங்கடை பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்துக் கதைப்பாள், எப்போது ஊருக்கு வருகிறாளாம் என்று கேட்டார். பொங்கலுக்கு வருவாள் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"செத்தவீட்டண்டைக்கு நானும் அவவோடை வந்தனான் அம்மா."

அவர் கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். நினைவுக்குக் கொண்டுவர உண்மையாகவே முயன்றார்.

"அப்பிடியே மகள்? அவ தனியத்தான் வந்தவ எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."