ஏலத்துக்குப் போன சிவப்புக் கார்

எண்பதுகளின் கடைசியில், நான் ஆக்லாந்துக்கு வந்த இரண்டாவது வருடம், மவுண்ட் வெல்லிங்டனில் சோபாவுக்கு உறை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். கணவர் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின்னறை என் இருப்பிடம். வேலை நாட்கள் மெஷின் சத்தத்தில் போய்விடும். சனிக்கிழமைகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கடிதம் எழுதுவேன், எழுதியதைத் திரும்ப வாசிப்பேன். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் தனியாக இருந்தார். வெள்ளைக்காரர், எழுபது வயதிருக்கும். அவருடைய கராஜில் அறுபதுகளில் செய்த ஒரு சிவப்பு அமெரிக்கக் கார் நின்றது. நீண்ட முன்பக்கம், பெரிய எஞ்சின், பின்னால் மடித்துவிடக்கூடிய துணிக்கூரை. துருப்பிடித்துக் கிடந்ததை அவரும் மனைவியும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். மனைவி இறந்த பிறகு அவர் மட்டும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் திருத்திக்கொண்டிருந்தார்.

ஒருநாள் வேலிக்கு அப்பாலிருந்து என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். தையல் என்றேன். உள்ளே போய்க் கிழிந்த இருக்கை உறை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதை என் மனைவி தைப்பதாக இருந்தது. எனக்கு இப்போது ஊசியே கண்ணுக்குத் தெரிவதில்லை."

எட்டு மாதச் சனிக்கிழமைகள் அப்படிப் போயின. பழைய உறையைப் பிரித்து, அதையே அளவாக வைத்து வெள்ளை ரெக்சினை வெட்டினேன். அவர் மனைவி இதற்கென்றே வாங்கி வைத்திருந்த கனமான மெஷினில் தைத்தேன். அவர் காருக்கு அடியில் படுத்திருப்பார். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். மூன்று மணிக்குத் தேநீர் கொண்டுவருவார். முதல் வாரம் அதில் சீனி இல்லை. நான் முகம் சுளித்ததைப் பார்த்திருக்க வேண்டும், அடுத்த வாரத்திலிருந்து இரண்டு கரண்டி போட்டிருந்தார்.

ஹென்டர்சனில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா ஞாயிறுகளில் போன் எடுப்பார்.

"கிழமை முழுக்கத் தைச்சுப்போட்டுச் சனிக்கிழமையும் தையலோ? உனக்கு விசரே, பிள்ளை?"

"அறைக்குள்ளை தனிய இருந்தால்தான் அக்கா விசர் பிடிக்கும்."

கார் முடிந்த மாதத்தில்தான் கண் பார்வை போதாதென்று அவருடைய லைசென்ஸைப் பறித்தார்கள். எனக்கோ கார் ஓட்டத் தெரியாது. கூரையை மடித்துவிட்டு, முற்றத்திலேயே எஞ்சினை ஓடவிட்டார். கராஜின் பலகைகள் அதிர்ந்தன. அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டீயரிங் இடப்பக்கம். இந்த நாட்டில் ஓட்டுபவர் உட்காரும் வலப்பக்கத்தில் நான் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

"எங்கே போகலாம்?" என்று கேட்டார்.

"எங்கே என்றாலும் சரி."

கால்மணி நேரம் இருந்திருப்போம். எஞ்சினை நிறுத்திவிட்டு, விற்கப்போவதாகச் சொன்னார்.

ஏலத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். அந்த மண்டபத்தில் சேலை கட்டியிருந்தவள் நான் ஒருத்திதான். ஏலக்காரர் காரைச் சுற்றி நடந்தபடியே, "இருக்கைகள்கூடக் கம்பெனியில் போட்டபடியே இருக்கின்றன!" என்றார். என் பக்கத்திலிருந்த மெக்கானிக் கையை உயர்த்தினார். அவரும் விலை கேட்கிறார் என்று ஏலக்காரர் எண்ணிக்கொண்டார்.

"உங்கள் காரை நீங்களே வாங்கப் போகிறீர்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

"நீங்கள் சொன்னது தவறு. அவை புதியவை. தைத்தது இந்தப் பெண்."

மண்டபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. இருக்கைகள் அசல் இல்லையென்றதும், அதுவரை போட்டி போட்ட இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். கடைசியில் இந்த நாட்டின் தென்தீவிலிருந்து வந்த ஒருவர் வாங்கினார். இருக்கையின் தையல்மேல் பெருவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் திரும்பும்போது, "நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றேன்.

"எப்படி விடுவது?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் பழக்கத்தில் உடுத்திக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் வெறும் கராஜின் வாசலில் நின்றிருந்தார். என்னைக் கண்டு கையை அசைத்தார். நானும் அசைத்தேன். போகலாமா என்று நினைத்தேன். போய் என்ன செய்வது? ஒரு வேலையும் இல்லாமல் சும்மா அவர் வீட்டுக்குப் போய் உட்காரலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. அவருக்கும் தோன்றவில்லை போலும். பல வாரங்கள் கையசைப்போடு நின்றது. குளிர்காலத்தில் ஒருநாள் நான் வேலையால் திரும்பியபோது அந்த வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டிருந்தது. அவருடைய மகள் வந்து அவரைக் கூட்டிப்போய்விட்டாள் என்று என் வீட்டுக்காரம்மா சொன்னார்.

மறுவருடம் கணவருக்கு விசா கிடைத்தது. அவர் வந்த பிறகு ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"அந்த மனுசன் இப்ப எங்கை?"

"தெரியேல்லை."

"விலாசமாவது வாங்கி வைக்கேல்லையே?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.